ஆரம்பப் பள்ளிக்கூடமும் விஞ்ஞானமும்

(மணவாள நகரில் ஒரு ஞாயிறு மாலை வாசகசாலையில் கூடிய கூட்டத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை பேசியது.)



எனக்கு முன் பேசிய தோழர் என்னைப் பற்றி ஏதேதோ புகழ்ந்து சொல்லிவிட்டார். அவ்வளவுக்கும் நான் உரியவள் அல்ல. நான் பிரசங்கம் செய்து பழகியவளும் அல்ல. ஆறு வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் பழகியவள். ஆதலால் இடையிடையே உங்களையும் "புரிந்ததா?" என்று கேட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"ஐம்பத்தோரு வயதில் உத்தியோகத்திற்குப் போன கதையைச் சொல்லுங்கள்" என்று தலைவர் கேட்டார். கதை சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பாவம், கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தாள்" என்று உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போவதாயிருந்தால் அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் என்றால் என்ன, அதைச் சொல்லித்தர வயது முதிர்ந்த ஒருத்தியால் ஆகுமா என்பதுதான் நான் பேச வந்த சங்கதி. என் கதையை அதற்கு வேண்டிய மட்டும் சொல்லுகிறேன்.

நான் மேல்நிலையில் சயன்ஸ் பாடம் எடுத்துப் படித்தவள். 1992ல் அதை முடித்து, இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, 1994ல் வேலைவாய்ப்பு ஆபீசில் பெயரைப் பதிந்தேன். அக்காலத்தில் நம் திருவள்ளூர் தனி ஜில்லாகூட இல்லை, செங்கற்பட்டோடு சேர்ந்திருந்தது. 1997ல்தான் பிரித்தார்கள். பதிந்துவிட்டால் வரிசைப்படி கூப்பிடுவார்கள் என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடுகிற வரையில் வயிறு சும்மா இருக்குமா? காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனேன். பெயர் வேண்டாம், நல்லதும் கெட்டதும் எல்லாக் கம்பெனியிலும் உண்டு. அங்கே எனக்குக் கொடுத்த வேலை, கடைசலாகி வருகிற சாமான்களை அளந்து பார்ப்பது. வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர், கோ–நோகோ கேஜ் இவைதான் இருபது வருஷத்துக்கு மேல் என் கையில் இருந்த ஆயுதங்கள். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அதிகமாயிருந்தாலும் அந்தச் சாமான் கழிவுப் பெட்டிக்குப் போகவேண்டியதுதான். "பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "பார்த்தது போதும், அளந்து பார்" என்பார் எங்கள் சூப்பர்வைசர். நான் படித்த சயன்ஸ் புஸ்தகம் முழுவதும் மறந்துபோயிற்று. அந்த ஒரு வார்த்தை மறக்கவில்லை.

இந்த மத்தியில் உத்தியோக விதிகள் மாறிக்கொண்டே வந்தன. எத்தனை தடவை மாறின என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறேன். வரிசைப் பதிவு மட்டும் போதாது, தகுதித் தேர்வு எழுதவேண்டும் என்றார்கள். 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் லட்சக்கணக்கானவர்கள் எழுதி, நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை; அந்தத் தேறாத கூட்டத்தில் நானும் ஒருத்தி. 2013 ஆகஸ்டில் மறுபடி எழுதித் தேறினேன். தேறியவுடன் வேலை என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். 2014ல் ஒரு கணக்கு வந்தது: தகுதித் தேர்வுக்கு 60, பயிற்சிப் பரீட்சைக்கு 25, மேல்நிலைப் பரீட்சைக்கு 15 என்று பங்கு போட்டுக் கூட்டுவது. என் காலத்தில் மேல்நிலையில் நூற்றுக்கு அறுபது வாங்கினால் ஊரே பேசும். பின்னால் வந்த பிள்ளைகள் தொண்ணூறு வாங்கினார்கள். அவர்கள் நன்றாகப் படித்தார்கள், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு முந்திய அளவுகோலையும் இன்றைய அளவுகோலையும் ஒன்றாகப் போட்டு அளந்தால் அது என்ன அளவு? எங்கள் கம்பெனியில் அப்படி அளந்தால் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்!

பிறகு 2018ல், தகுதித் தேர்வு மட்டும் போதாது, போட்டித் தேர்வும் உண்டு என்றார்கள். 2020ல் வயது வரம்பு: பொதுப் பிரிவுக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று வந்தது. எனக்கு அப்போது 46. கதவு சாத்தியாயிற்று என்று நினைத்து, சர்டிபிகேட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டேன். 2021ல் தகுதித் தேர்வுச் சான்று ஏழு வருஷத்துக்கு மட்டுமல்ல, ஆயுள் முழுவதும் செல்லும் என்றார்கள். 2023ல் வயது வரம்பை 53 என்றும் 58 என்றும் உயர்த்தினார்கள். பரண்மேல் இருந்த பையை இறக்கினேன். 2024 ஜூலை 21ந் தேதி போட்டித் தேர்வு எழுதினேன். 2025ல் உத்தரவு கைக்கு வந்தது. பதிந்த நாளிலிருந்து கணக்குப் பண்ணினால் முப்பத்தோரு வருஷம். எனக்குச் சர்வீஸ் ஒன்பது வருஷம்.

"தலையெழுத்து இருந்ததால் கிடைத்தது" என்று என் நாத்தனார் சொன்னாள். தலையில் எழுதியிருந்தால் 2020ல் ஏன் அழித்து 2023ல் ஏன் திருப்பி எழுதினான்? வயது வரம்பை வைத்தவர்களும் மனிதர்கள், எடுத்தவர்களும் மனிதர்கள். கேட்டார்கள், கத்தினார்கள், வழக்குப் போட்டார்கள், மாற்றினார்கள். இதில் தலைக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிற்க. பள்ளிக்கூடம் போன முதல் நாள் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வாசலில் ஒரு சிறு பெண், "பாட்டி, யாரைக் கூட்டிக்கொண்டு போக வந்தீங்க?" என்று கேட்டாள். தலைமை ஆசிரியர் என்னைவிடப் பதின்மூன்று வயது சிறியவர். நான் அவரை "சார்" என்கிறேன். அவர் என்னை "அம்மா" என்கிறார். இதுவரையில் சண்டை வரவில்லை.

இப்போது சங்கதிக்கு வருகிறேன்.

ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்திற்கென்று தனி உபாத்தியாயர் கிடையாது. ஆறாம் வகுப்புக்கு மேலே போனால்தான் பட்டதாரி ஆசிரியர், சயன்ஸ் வாத்தியார் என்றெல்லாம் உண்டு. கீழே, தமிழும் கணக்கும் இங்கிலீஷும் விஞ்ஞானமும் எல்லாம் ஒரே ஆள்தான். 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரையில் இரண்டு உபாத்தியாயர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! ஒரு மூலையில் ஒன்றாம் வகுப்பு 'அ' எழுதும். இன்னொரு மூலையில் ஐந்தாம் வகுப்பு பின்னம் போடும். இந்த நெருக்கத்தில் முதலில் கழற்றிவிடப்படுவது எது என்று நினைக்கிறீர்கள்? விஞ்ஞானந்தான். "படித்துவிட்டு வாருங்கள், கேள்வி பதில் எழுதுங்கள்" என்பதோடு சரி. தாவரத்தின் பாகங்கள் யாவை? வேர், தண்டு, இலை, பூ, காய். பள்ளிக்கூடத்து வாசலிலேயே வேப்பமரம் நிற்கும். அதைத் தொட்டுப் பார்க்கமாட்டார்கள். சுலோகம் ஒப்பிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாஷைதான் வித்தியாசம்.

இதை நான் உபாத்தியாயர்மேல் பழியாகச் சொல்லவில்லை. நானே முதலில் அப்படித்தான் செய்தேன். எங்கே மாறினேன் என்றால் பள்ளிக்கூடத்தில் அல்ல, நம் மணவாள நகர்த் தெருவில்.

கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தரவேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய். கம்பெனியில் ஆர்டர் குறைந்து, வயதானவர்களை முதலில் நிறுத்தியிருந்த சமயம். நான் சேர்ந்தேன். ஆயிரம் ரூபாய்க்காகவா என்று கேட்டார்கள். ஆயிரம் ரூபாயும் எனக்குத் தேவைதான். அதில் வெட்கம் என்ன? ஆனால் பரண்மேல் போட்ட பையின் ஞாபகமும் ஒரு காரணம்.

பிள்ளைகள் பாதிப்பேர் எழுத்தை மறந்திருந்தார்கள். எழுத்து, கூட்டல், கழித்தல் என்று இரண்டு மூன்று மாதம் போயிற்று. (இந்த இடத்தில் ஒரு வார்த்தை: னை, லை, ணை முதலியவற்றைப் பழைய கொம்பு போட்ட வடிவத்திலிருந்து மாற்றி 1935ல் குடிஅரசில் அச்சிட ஆரம்பித்தாரே பெரியார், அதைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது 1978ல். ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்துப் பார்த்தால்தான் அந்தச் சீர்திருத்தத்தின் அருமை தெரியும்.) அப்புறம் ஒரு நாள் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், வெயில் நேரா தலைக்கு மேல எப்ப வரும்?" "பன்னிரண்டு மணிக்கு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, பார்த்தது யார்? அளந்தது யார்? எங்கள் சூப்பர்வைசர் வந்து பின்னால் நிற்பதுபோல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய இரும்புக் குழாய்த் துண்டைத் தெருவில் நிறுத்தினோம். செங்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கடன் வாங்கிப் பார்த்தோம். பதினொன்றே முக்காலிலிருந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் செங்கல் துண்டால் கோடு போட்டோம். நிழல் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டு மணிக்கு நிற்கவில்லை, இன்னும் குறைந்தது. பன்னிரண்டரை நெருங்குமுன் மறுபடி நீண்டது. ஆகக் குறைந்த நேரம் பன்னிரண்டுக்கு மேல் ஏழெட்டு நிமிஷத்துக்கு அப்புறந்தான். இன்னொன்றும் கண்டார்கள்: வாரா வாரம் அந்தக் குறைந்த நிழலே சின்னதாகிக்கொண்டு வந்தது.

2022 ஏப்ரல் 24, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணி எட்டு நிமிஷம் வாக்கில் குழாயின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிப்போயிற்று. பிள்ளைகள் தங்கள் நிழலைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். காலடியில் மட்டுமே இருந்தது. கடக ரேகைக்குத் தெற்கே இருக்கிற நம் நாட்டு ஊர்களுக்கெல்லாம் வருஷத்தில் இரண்டு நாள் இப்படி வரும். நம் பக்கத்தில் ஏப்ரல் 24, 25ஐ ஒட்டி ஒருமுறை. ஆகஸ்டு 18ஐ ஒட்டி ஒருமுறை.

ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "கடிகாரம் தப்பா, வெயில் தப்பா?" எவ்வளவு பெரிய கேள்வி பாருங்கள்! இரண்டும் தப்பில்லை. நம் கடிகாரம், அலகாபாத் பக்கமாகப் போகிற எண்பத்திரண்டரை டிகிரி ரேகைக்கு வைத்த கடிகாரம். நாம் அதற்கு மேற்கே இரண்டரை டிகிரிக்குச் சற்று அதிகம் தள்ளி இருக்கிறோம். பூமி ஒரு டிகிரி திரும்ப நாலு நிமிஷம். ஆகவே நமக்குச் சூரியன் சுமார் பத்து நிமிஷம் பிந்தி வருகிறது. அதிலும் பூமி சூரியனைச் சுற்றும் வேகம் வருஷம் முழுவதும் ஒரே சீராக இல்லாததனாலும், பூமி சாய்ந்திருப்பதனாலும், சில மாதம் கொஞ்சம் முந்தியும் சில மாதம் பிந்தியும் போகும். ஏப்ரல் கடைசியில் இரண்டு நிமிஷம் முந்தி. பத்தில் இரண்டு போனால் எட்டு. குழாய்த் துண்டு சொன்னதும் அதுதான்.

அன்றைக்கு எதிர்வீட்டுக் கிழவியார் வந்து என்னைத் திட்டினார். "எமகண்டத்திலே பிள்ளைங்களை வெயில்ல நிறுத்தி வெச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்கா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எமகண்டமாம், காலண்டரில் போட்டிருக்கிறது. வெயிலுக்காகத் திட்டியிருந்தால் அது நியாயம். நான் ஒப்புக்கொண்டு எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். ஆனால் எமகண்டத்துக்கு ஒரு கேள்வி கேட்டேன். 1906 ஜனவரி முதல் தேதிக்கு முன்னால் நம் பக்கத்துக் கடிகாரங்கள் சென்னை நேரப்படி ஓடின. அன்றைக்கு இந்திய நேரம் என்று ஏற்படுத்தியபோது சென்னைக் கணக்கைவிட ஒன்பது நிமிஷம் கூட்டிவைத்தார்கள். "பாட்டி, வெள்ளைக்காரன் முள்ளைத் திருப்பினானே, எமனுக்கு நோட்டீஸ் கொடுத்தானா? எமன் பழைய பன்னிரண்டுக்கு வருகிறானா, புதுப் பன்னிரண்டுக்கு வருகிறானா?" கிழவியார் சிரித்துவிட்டார். "அப்ப அந்த ஒன்பது நிமிஷம் நல்ல நேரமா?" என்று அந்தப் பெண் குழந்தை கேட்டாளே, அதுதான் தோழர்களே, நான் வாங்கிய ஆயிரம் ரூபாயைவிடப் பெரிய சம்பளம்.

ஆனால் எப்போதும் இப்படிச் சிரித்து முடிவதில்லை. நான் செய்த ஒரு பிசகையும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் தற்பெருமையாகப் போய்விடும்.

உத்தியோகத்துக்குப் போன பிறகு வந்த தை மாதத்தில், மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் ஒரு வாரம் வரவில்லை. வந்தவன் கழுத்தில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தான்; முகத்தில் தழும்பு ஆறவில்லை. "ஏண்டா, டாக்டரிடம் போனாயா?" என்றேன். "ஆத்தா வந்திருக்கா, ஊசி போட்டா கோவிச்சுக்குவா, அம்மா சொல்லிச்சு" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அது சாமி இல்லை, வியாதி" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். சொன்னது உண்மைதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பையன் அதற்கப்புறம் மூன்று நாள் வரவில்லை. வியாதியினால் அல்ல, தன் தாயைப் பள்ளிக்கூடத்தில் அவமானப்படுத்திவிட்டார்கள் என்பதனால். அந்தத் தாய் வேன் ஏறிப்போய்ப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவள். நான் ஒரு காலத்தில் ஏறிய அதே மாதிரி வேன்.

அந்த மூன்று நாளும் யோசித்தேன். அந்தப் பையனுக்கு நான் என்ன கொடுத்தேன்? அம்மா சொன்னதை நம்பாதே, நான் சொல்வதை நம்பு என்றேன். பூசாரியின் இடத்தில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான். அவனுக்கு அறிவு எங்கே வந்தது? நாளைக்கு என்னைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறவன் ஒருவன் வந்தால் பையன் அவனை நம்புவான்.

ஆகவே அந்த வீட்டுக்குப் போனேன். அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க செஞ்சதுல பாதி சரி" என்றேன். பிள்ளையைத் தனியாகப் படுக்கவைத்தது சரி. யார் வீட்டுக்கும் போகவிடாமல் வைத்தது சரி. சொறியாமல் பார்த்துக்கொண்டது சரி. இதெல்லாம் பாட்டிகள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. டாக்டரிடம் காட்டாதது மாத்திரம் தப்பு. ஏனென்றால் சின்னம்மை சில பேருக்கு நெஞ்சில் சளியாகவும் மூளைக்காய்ச்சலாகவும் திரும்புவதுண்டு. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அதிகம். அந்தத் தாய் பேசாமல் கேட்டுக்கொண்டு, கடைசியில், "வகுப்புல சொல்லாம இங்க வந்து சொல்லியிருக்கலாம்ல டீச்சர்" என்றார். நான் என்ன பதில் சொல்லமுடியும்?

வகுப்பில் வேறு விதமாக ஆரம்பித்தேன். கரும்பலகையில் வகுப்பின் படத்தைப் போட்டேன்: யார் எந்த வரிசையில் உட்காருகிறார்கள் என்று. யாருக்கு என்றைக்கு அம்மை கண்டது என்று பிள்ளைகளையே தேதி கேட்டு எழுதச் சொன்னேன். முதலில் ஒருவன். சுமார் பதினைந்து நாள் கழித்து மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் முதல்வனுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். அதற்கும் இரண்டு வாரம் கழித்து நாலு பேர்; அதில் ஒருத்தி ஏற்கெனவே கண்டவனின் தங்கை. ஒன்றும் சொல்லாமல் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு பெண் சொன்னாள்: "பக்கத்துல உக்காந்தவங்களுக்குத்தான் வருது மிஸ்." இன்னொருத்தன்: "ரெண்டு வாரம் ஆவுது." கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தானே அந்தப் பையன், அவன் சொன்னான்: "ஆத்தாவா இருந்தா ஏன் மிஸ் வரிசையா வரா?"

நான் சொல்லவில்லை, தோழர்களே. அவன் சொன்னான். சின்னம்மை ஒருவரைத் தொற்றியபின் வெளியே தெரியப் பத்திலிருந்து இருபத்தொரு நாள் ஆகும் என்று வைத்தியப் புஸ்தகத்தில் இருக்கிறது. எங்கள் மூன்றாம் வகுப்பு அதைச் செங்கல் தரையில் உட்கார்ந்து தானாகக் கண்டுபிடித்தது.

அதன் பிறகுதான் பெரியம்மையின் கதையைச் சொன்னேன். 1796ல் இங்கிலாந்தில் ஜென்னர் என்பவர் மாட்டம்மைப் பாலை ஒரு சிறுவனுக்குக் குத்திப் பார்த்தது. நம் கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட்டில் அம்மைப்பால் தயாரித்து ஊர் ஊராக அனுப்பியது. அம்மை குத்துகிறவர் வந்தால் ஜனங்கள் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்துவைத்தது. கடைசியாக 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கூழ் ஊற்றுவது நிற்கவில்லை, பெரியம்மை நின்றுவிட்டது. எது நிறுத்தியது என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். சின்னம்மைக்கும் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் சர்க்கார் இலவசமாகப் போடும் தடுப்பூசிப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஊசி, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வேப்பிலை என்று இருக்கும்போது வேப்பிலையை மட்டும் கேலி செய்து என்ன பயன்?

நம் அரசியல் சட்டத்தில் விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976ல் நாற்பத்திரண்டாவது திருத்தத்தில் சேர்த்திருக்கிறார்கள். கடமை என்று எழுதியாயிற்று. அதற்கு எந்த வகுப்பில் எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் 2022 நவம்பரில் 'வானவில் மன்றம்' என்று ஆரம்பித்து, சோதனைச் சாமான்களோடு பள்ளிக்குப் பள்ளி ஆட்கள் போகும்படி செய்தார்கள், நல்ல காரியம். ஆனால் பயமும் பேயும் கிரகணத் தீட்டும் பிள்ளையின் மனதில் ஏறுவது பதினோரு வயதிலா? நாலு வயதில், ஐந்து வயதில். காய்ந்த பிறகு சிமிண்டில் கோடு போட முடியுமா?

வயதானவர்கள் இந்த வேலைக்கு லாயக்கா என்று கேட்கிறார்கள். வேறு வேலை கிடைக்காதவர்கள் செய்கிற காரியம் இது என்று சிலருக்கு ஓர் எண்ணம். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்று ஒரு ஜில்லா. 2022ல் நர்மதாபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கே 1972ல் பதினாறு கிராமப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கிற்று. புஸ்தகத்தை ஒப்பிப்பதில்லை, பிள்ளைகள் கையால் செய்து, பார்த்து, எழுதிக்கொள்ள வேண்டும். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அனில் சத்கோபால், அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்து, அதை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனவர். அரவிந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி. இஞ்சினீயர், லாரிக் கம்பெனியில் வேலையிலிருந்தவர், 1978ல் லீவு போட்டுவிட்டு அங்கே போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துக்கொண்டு முக்கோணம், சதுரம், வீடு என்று கட்டிக் காட்டினார். அவருடைய விளையாட்டுச் சாமான்கள் தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கும் வந்திருக்கின்றன; நம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துத் தோழர்கள் 'துளிர்' பத்திரிகை மூலமாகவும் ஊர் ஊராகவும் இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். அந்த ஹோஷங்காபாத் முயற்சியை 2002ல் சர்க்கார் நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் நடந்தது. நல்ல காரியம் நிற்பதற்கு ஒரு உத்தரவு போதும். தொடங்குவதற்கு எத்தனை பேர் வேலையை விடவேண்டியிருக்கிறது பாருங்கள்.

வேறொரு தொழில் செய்துவிட்டு வந்தவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து திரும்பப் பள்ளிக்கும் வந்தவருக்கு அறிவு என்பது பரீட்சைத் தாளில் இருப்பது. கம்பெனியில் அளவு தப்பினால் கை போய்விடும் என்பதைக் கண்ணால் பார்த்தவளுக்கு அப்படி இராது. அசௌகரியமும் உண்டு: முட்டி வலிக்கிறது, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு பிள்ளை கை கொடுக்கவேண்டும்.

பி.எஸ்ஸி., பி.எட். படித்த தோழர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். "எங்களையும் ஆரம்பப் பள்ளிக்கு எடுத்தால் விஞ்ஞானம் நன்றாக வருமே" என்று என்னிடம் கேட்டார்கள். 2018ல் ஒரு அறிவிப்பின்மூலம் அதற்கு வழிவிட்டார்கள். 2023 ஆகஸ்டு 11ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பி.எட். என்பது ஆரம்பப் பள்ளிக்கான தகுதி அல்ல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பலருக்கு மனவருத்தம். எனக்கு என்னவோ தீர்ப்பு சரியென்றே படுகிறது. அமிலம், காரம் தெரிவது வேறு, மூக்கு ஒழுகிக்கொண்டு, "நிலா ஏன் என் பின்னாலேயே வருது?" என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வது வேறு. அது தனித் தொழில். அதைப் படித்துவிட்டு வாருங்கள், வரவேற்கிறோம்.

2025 செப்டம்பர் 1ந் தேதி இன்னொரு தீர்ப்பு வந்தது: ஐந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் பாக்கி உள்ளவர்கள், பழைய ஆசிரியர்களாயிருந்தாலும், இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்று. இருபது, இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குறிப்புப் புஸ்தகத்தை வைத்து மனப்பாடம் பண்ணுவதைக் கண்டேன். அந்தப் பரீட்சையில் 150 கேள்வியில் முப்பது சூழ்நிலையியல். அந்த முப்பதையும் நான் சொல்லித்தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சோதனையைப் பிள்ளைகள் முன்னால் செய்து காட்டவேண்டும். ஒரு அம்மையார் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக வகுப்பில் மெழுகுவர்த்திமேல் டம்ளரைக் கவிழ்த்தார்கள். அணைந்தவுடன் பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மையார் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாட்டில், ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் வேலைக்குப் பெண்களையே நியமிக்கவேண்டும் என்றும் ஒரு தீர்மானம் போட்டார்கள். சொத்துரிமைத் தீர்மானத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெண் என்றால் பொறுமை, தாய்மை என்று இதற்கு இப்போது காரணம் சொல்லுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பொறுமை இல்லாத பெண் நானே இருக்கிறேன், வேப்பிலைக் கதையில் பார்த்தீர்களே. பெண்ணுக்குச் சொந்தச் சம்பளம் வேண்டும் என்பதும், எழுத்தையும் கேள்வியையும் ஒரு பெண் வாயிலிருந்து முதலில் கேட்ட பிள்ளை பிற்பாடு பெண்ணை மட்டமாக நினைக்கக் கொஞ்சம் யோசிக்கும் என்பதும்தான் எனக்குத் தோன்றுகிற காரணங்கள்.

நேரமாகிறது என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் ஆயுதங்களைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். 1863ல் புரூஸ் பூட் என்பவர் கண்டுபிடித்த இடம். அங்கே தோண்டியதில் பதினைந்து லட்சம் வருஷத்துக் கருவிகள் இருக்கின்றன என்று 2011ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். நம் ஜில்லாவில், பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில்! பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் பூண்டி மியூசியத்துக்கு அழைத்துப்போக உத்தரவு கேட்டிருக்கிறேன். போய்வந்த பிறகு வேறொரு நாள் சொல்லுகிறேன்.

கூட்டத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, இனி எங்கே என்று சான்றிதழைக் கட்டிவைத்திருக்கும் பெண்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருடைய முகத்தை இங்கிருந்தே பார்க்கிறேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே வாசகசாலையில் இருப்பேன். அசல் சான்றுகளையும், வேலைவாய்ப்புப் பதிவு அட்டையையும் கொண்டுவாருங்கள். புதுப்பிக்கும் மாதம் தவறியிருந்தால் அதையும் பார்த்துவிடலாம். வருகிறவர்கள், வராதவர்கள் எல்லாரும், வீட்டில் சும்மா கிடக்கும் காலித் தீப்பெட்டி, சைக்கிள் வால்வு டியூப், மூடி உள்ள பாட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள். நாலாம் வகுப்புக்கு வேண்டியிருக்கிறது.